முடித்துவிட்டு வெளியிடுவதா, பாதியிலேயே வெளியிடுவதா?

வீடியோ கேமை முழுதாக முடித்த பிறகே வெளியிடுவது பழைய வழி. ஸ்டார்ட்யூ வேலி அப்படித்தான் வந்தது. எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து 2016இல் வெளியிட்டார். அதுவரை விற்பனை வருமானம் கிடையாது.

மற்றது ஏர்லி ஆக்சஸ். முடியாத கேமையே விற்று, ஆடுபவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்துவது. ஹேடிஸ் 2018 டிசம்பரில் இப்படி வந்து 2020 செப்டம்பரில் முழுமை பெற்றது. ஆயுதங்களின் பலம், எதிரிகளின் கடுமை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சிறு குழு தனக்குள் ஆடிப் பார்த்தால் மட்டும் தெரியாது. பலவிதமாக ஆடும் ஆயிரக்கணக்கானோர் கையில்தான் ஓட்டைகள் வெளிப்படும். திரும்பத் திரும்ப ஆடும் கேம்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

கதையே உயிர் என்றால் தயங்குவேன். முதல் அனுபவம் ஒருமுறைதான். பால்டர்ஸ் கேட் 3 அதனால்தானோ என்னவோ, 2020இல் தன் கதையின் முதல் பகுதியை மட்டும் ஆடக் கொடுத்து, மீதியை 2023 வரை மறைத்தே வைத்திருந்தது.