கேனன் 200டி மார்க் 2: ஒரே பாடிக்குள் இரண்டு கேமரா (நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்)

வீட்டு விசேஷம், கோயில், பயணம், வார இறுதியில் பறவை என எல்லாவற்றுக்கும் ஒரே கேமரா வேண்டும் என்பவர்களுக்கு, 2019 ஏப்ரலில் வந்த கேனன் ஈஓஎஸ் 200டி மார்க் 2 இன்றைக்கும் நல்ல தேர்வுதான். ஐரோப்பாவில் 250டி, அமெரிக்காவில் ரெபெல் எஸ்எல்3, ஜப்பானில் கிஸ் எக்ஸ்10 என்று விற்றதும் இதேதான். செகண்ட் ஹேண்டில் தேடும்போது இந்த நான்கு பெயர்களையும் போட்டுத் தேடினால் கூடுதலாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பாடியாக இருந்தால் இங்கே வாரண்டி செல்லுமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

24.1 மெகாபிக்சல், 22.3 × 14.9 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சார், பேட்டரியும் கார்டும் சேர்த்து 449 கிராம். இந்த எண்களெல்லாம் எந்தக் கடையிலும் சொல்வார்கள். சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: இதற்குள் இரண்டு தனித்தனி ஃபோகஸ் முறைகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. எதை எப்போது பயன்படுத்துவது என்று பிடிபட்டுவிட்டால் இந்தக் கேமரா மிக நன்றாக உழைக்கும். பிடிபடாதவரை "ஃபோகஸ் சரியில்லை" என்ற புகார்தான் மிஞ்சும்.

வியூஃபைண்டரில் கண் வைத்துப் பார்க்கும்போது வேலை செய்வது பழைய டிஎஸ்எல்ஆர் முறை. கண்ணாடி வழியாக வரும் ஒளியின் ஒரு பங்கு கீழே உள்ள தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. மொத்தம் ஒன்பது புள்ளிகள், அவற்றில் நடுப்புள்ளி மட்டுமே கிராஸ் டைப். மற்ற எட்டும் ஒரு திசைக் கோடுகளை மட்டுமே நன்றாகப் பிடிக்கும். வெளிச்சம் குறைந்தால் அங்குமிங்கும் தேடும். திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விடும். படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் செய்கிறது. இதுதான் டூயல் பிக்சல் முறை. ஃபிரேமின் பெரும்பகுதியில் எங்கு வேண்டுமானாலும் விரல் வைக்கலாம். முகத்தையும் கண்ணையும் தானே கண்டுபிடித்துத் தொடரும்.

எஃப் 1.8 போல அகலத் திறந்த லென்ஸில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்கோ மூக்குக்கோ நகர்ந்துவிடலாம். தனி ஃபோகஸ் சென்சாருக்கும் படச் சென்சாருக்கும் இடையே உள்ள நுண்ணிய அளவு வித்தியாசமே காரணம். விலை கூடிய பாடிகளில் அதைத் திருத்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் மெனு இருக்கும், இதில் இல்லை. சோதிப்பது சுலபம். ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, சுமார் 45 பாகைச் சாய்வில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு வரியைக் குறித்துக்கொண்டு, எஃப் 1.8-இல் வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம், லைவ் வியூவில் ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். லைவ் வியூ படங்களில் குறித்த வரி கூர்மையாக இருந்து, மற்றதில் எப்போதும் முன் வரியோ பின் வரியோ கூர்மையாக இருந்தால், லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். அந்த லென்ஸில் எஃப் 2.8 வரை மூடி எடுங்கள், அல்லது ஆட்களைப் படமெடுக்க லைவ் வியூவுக்கு மாறிவிடுங்கள்.

ஆகவே பழக்கம் இப்படி அமைகிறது. உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், குழந்தை, சாப்பாடு, கொலு, பூ எல்லாம் லைவ் வியூவில். பறக்கும் பறவை, ஓடும் பிள்ளை, உச்சி வெயில் என்றால் வியூஃபைண்டரில், நடுப்புள்ளி மட்டும், ஏஐ சர்வோ (நகரும் பொருளை விடாமல் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை). வெயிலில் திரை சரியாகத் தெரியாது. பேட்டரிக் கணக்கும் மாறுகிறது: சிபா (கேமரா நிறுவனங்களின் பொதுவான தர) அளவீட்டில் வியூஃபைண்டருக்குச் சுமார் 1070 படங்கள், லைவ் வியூவுக்குச் சுமார் 320. நாள் முழுக்க நடக்கும் கல்யாணத்துக்கு இரண்டாவது எல்பி-ஈ17 பேட்டரி கட்டாயம். இந்தக் கேமராவை யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்ய முடியாது, பவர் பேங்க் உதவாது. பெட்டியில் வரும் சார்ஜரை மறந்துவிட்டுப் பயணம் போனால் அவ்வளவுதான்.

வியூஃபைண்டர் காட்டுவது ஃபிரேமில் 95 சதவீதம்தான். பார்த்தபோது இல்லாத மின்கம்பியோ பக்கத்து ஆளின் முழங்கையோ ஓரத்தில் வந்து நிற்பது இதனால். கொஞ்சம் இறுக்கமாகவே ஃபிரேம் வைத்தால் போதும்.

லென்ஸைப் பொறுத்தவரை, உடன் வரும் 18-55 எஃப் 4-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் மீது பலருக்கு இருக்கும் இளக்காரம் நியாயமற்றது. பகல் வெளிச்சத்தில் எஃப் 8-இல் கோபுரச் சிற்பம் எடுத்தால் அது தரும் விவரம் தாராளம். 25 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் அதைவிடவும் நல்ல லென்ஸ்; 375 கிராம் எடையில், ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) கணக்கில் 400 மி.மீ. எட்டும். வேடந்தாங்கல் மேடையிலிருந்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரைக்கு இது போதும், ஏரியின் அக்கரைக்குப் போதாது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 வையுங்கள். 250-இல் எஃப் 5.6 மட்டுமே கிடைப்பதால், மேகம் மூடிய காலையில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 1600-ஐத் தாண்டிவிடும். தொடர் படம் நொடிக்கு ஐந்து. ரா (RAW, சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) முறையில் வைத்திருந்தால் பத்துப் படத்தை ஒட்டி பஃபர் எனும் தற்காலிக நினைவகம் நிறைந்து வேகம் விழும். எனவே பறவை எழும்பும்போதே பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காமல், இரண்டு மூன்றாகப் பிரித்து அழுத்துவது நல்லது.

இரண்டு கிட் லென்ஸுக்கும் ஃபில்டர் அளவு 58 மி.மீ. தான். ஒரே போலரைசர் இரண்டுக்கும் பொருந்தும். 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 49 மி.மீ. என்பதால், 49-58 ஸ்டெப் அப் வளையம் ஒன்று வாங்கினால் அதே ஃபில்டரை அதிலும் போடலாம். வளையத்துக்கு ஆகும் காசு மிகக் குறைவு, மிச்சமாவது இன்னொரு நல்ல ஃபில்டரின் விலை.

எல்லோரும் அடுத்து வாங்கச் சொல்வது அந்த 50-ஐத்தான். வாங்குமுன் வீட்டு அறையை அளந்து பாருங்கள். இந்தச் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், 3 மீட்டர் தூரத்தில் 1.3 மீட்டர் அகலத்தையே காட்டும். ஒருவரின் படத்துக்கு அருமை. நான்கு பேர் குடும்பமாக நின்றால் முதுகு சுவரில் முட்டும். 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் அதே தூரத்தில் 2.8 மீட்டர் காட்டும். 125 கிராம் எடையில் தோசைக்கல் கைப்பிடி அளவுகூட நீளாது. அன்றாடத்துக்கு ஒரே ஒரு ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) என்றால் என் ஓட்டு 24-க்குத்தான். அடுக்குமாடி வீட்டில் 50 பெரும்பாலும் அலமாரியில்தான் தூங்கும்.

இனி அளவுகள். ஏவி (Av, அப்பர்ச்சரை மட்டும் நாம் வைப்பது) முறையில் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால், கேமரா லென்ஸின் நீளத்தை வைத்து ஷட்டரைத் தீர்மானிக்கிறது. அறைக்குள் அது கை நடுக்கத்துக்குப் போதுமான வேகத்தோடு நின்றுவிடும். ஐஎஸ்ஓவைக் கூட்டி இன்னும் வேகம் எடுக்காது. அசையாத பொருளுக்கு அது சரி, குழந்தையின் கை அந்த வேகத்தில் கலங்கிவிடும். லென்ஸில் உள்ள ஐஎஸ் நம் கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும், எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. எனவே மனிதர்கள் என்றால் டிவி (Tv, ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் வைப்பது) முறையில் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சம் 6400. படத்தரம் 1600 வரை சுத்தம், 3200 நிம்மதி. 6400-இல் ராவில் எடுத்துக் கணினியில் நாய்ஸ் குறைத்தால் பிரிண்ட் போடலாம். ஒரே ஒரு டயல் இருப்பதால், எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் முறையில் அப்பர்ச்சரை மாற்ற ஏவி பட்டனைப் பிடித்துக்கொண்டு டயலைத் திருப்ப வேண்டும். அவசரத்துக்கு இது எரிச்சல்தான்.

மேடைக் கச்சேரிக்கு வேறொரு சங்கதி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/250, 1/500 என்று போனால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழும், அல்லது அடுத்தடுத்த படங்களில் நிறம் மாறும். 1/100-க்கோ 1/50-க்கோ இறங்கி, பாடகர் நிலைகொள்ளும் கணத்துக்குக் காத்திருங்கள். சைலண்ட் சிங்கிள் முறை ஷட்டர் ஓசையை மட்டுப்படுத்தும், முழுக்க நிறுத்தாது. ஆலாபனை நடுவே முன்வரிசையில் அதையும் தவிர்ப்பதே மரியாதை.

பட்டுப்புடவையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அரக்கும் சிவப்பும் உள்ள காஞ்சிபுரம் பட்டை ஸ்டாண்டர்டு பிக்சர் ஸ்டைலில் எடுத்தால், நெசவே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிவதே காரணம். சாதாரண ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) அது தெரியாது, ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமுக்கு மாற்றினால் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்பது தெரியும். பிக்சர் ஸ்டைலை நியூட்ரலுக்கு மாற்றி, எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (-2/3) குறைத்து, கூடவே ராவும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டியும் கருத்த முகமும் ஒரே ஃபிரேமில் வந்தால் முகத்துக்கு ஏற்ப வையுங்கள். வேட்டியின் மடிப்பை ராவில் ஓரளவு மீட்கலாம். முகத்தை இருட்டாக்கிவிட்டுப் பிறகு தூக்கினால் நாய்ஸ் தோலில்தான் தெரியும். கொலுவின் மஞ்சள் விளக்குக்கு ஒயிட் பேலன்ஸில் ஆட்டோ ஆம்பியன்ஸ், கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோ ஒயிட் முன்னுரிமை.

வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு குறைகள் உண்டு. இரண்டும் வடிவமைப்பிலேயே உள்ளவை. முதலாவது, மேலே வெளி ஃபிளாஷ் மாட்டும் இடமான ஃபிளாஷ் ஷூ. நடுவில் இருக்க வேண்டிய பொதுவான தொடுமுனை இதில் இல்லை. அந்த ஒற்றை முனையை மட்டும் நம்பி வேலை செய்யும் மேனுவல் ஃபிளாஷும் மலிவான ட்ரிக்கரும் இதன் மேல் எரியாது. கேனனின் தானியங்கி ஃபிளாஷ் முறையான இ-டிடிஎல் மொழி பேசும் ஃபிளாஷாகவே தேர்ந்தெடுத்து, கடையில் இந்த பாடியிலேயே மாட்டி எரியவைத்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். ஏற்கெனவே மேனுவல் ஃபிளாஷ் இருந்தால், அதை எஸ்2 ஸ்லேவ் முறையில் தள்ளி வைத்து, கேமராவின் சொந்த ஃபிளாஷால் தூண்டலாம். எஸ்1-இல் வைத்தால் முன்னோட்ட ஒளிக்கே எரிந்து, படம் பதியும்போது இருட்டாக இருக்கும்.

இரண்டாவது வீடியோ. 4கே இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் அதில் டூயல் பிக்சல் ஃபோகஸ் கிடையாது, தேடித் தேடித்தான் ஃபோகஸ் பிடிக்கும். அதோடு ஃபிரேமும் வெட்டுப்பட்டு, 18 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 45-ஐத் தாண்டிவிடும். கையை நீட்டித் தன்னையே எடுத்துப் பேசுபவர்களுக்கு ஆகாது. ஃபுல் ஹெச்டியில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, மைக் சொருகவும் இடமுண்டு, ஹெட்ஃபோனுக்கு இல்லை. 4கே வீடியோதான் முக்கியம் என்றால் 2023-இல் வந்த ஆர்50 பக்கம் போய்விடுங்கள். அதில் 4கே வெட்டுப்படாது, பேட்டரியும் இதே எல்பி-ஈ17 தான், இந்த லென்ஸ்கள் இஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர் வழியாக ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும்.

கார்டு செருகும் இடமும் பேட்டரிக் கதவுக்குள்ளேயே அடியில் இருக்கிறது. அகலமான ட்ரைபாட் தட்டு மாட்டினால் கதவு திறக்காது. சிறிய தட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பராமரிப்பில் நம் ஊரின் முதல் எதிரி ஈரம். கடற்கரையோர ஊர்களில் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் வாரக்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும். தோல் உறையில் பூட்டி வைத்த லென்ஸில் ஃபங்கஸ் பிடிக்க அதுவே போதும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, ஒரு சிறிய ஹைக்ரோமீட்டர், 200 கிராம் சிலிகா ஜெல் போதும். அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் அவனில் வைக்கக் கூடாது. டப்பாவில் அரிசி போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்: ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது, மாவுத் தூசியை மட்டும் சேர்க்கும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்குமுன் கேமராவை ஜிப் கவரில் மூடி, வெளியே அரை மணி நேரம் விட்டுத் திறந்தால் லென்ஸில் பனி படியாது.

சென்சார் தூசியைப் பார்க்க, எஃப் 22-இல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் கலைத்து எடுங்கள். புள்ளி தெரிந்தால், முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியோடு மெனுவில் கையால் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடி மேலே போனதும் கேமராவைக் குப்புறப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டும். அழுத்தக் குப்பியால் ஊதினால் அதன் திரவம் கறையாகும். புளோயருக்குப் போகாத புள்ளிக்கு 16 மி.மீ. ஸ்வாப், இரண்டு சொட்டுத் திரவம், ஒரு பக்கமாக ஒரே இழுப்பு.

செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் படத்தின் எண்ணைப் பார்த்து ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம், அந்த எண்ணை யாரும் மாற்றி வைக்கலாம். கைப்பிடி ரப்பரும் முறைத் தேர்வு டயலின் எழுத்துகளும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதுதான் நம்பகமான சாட்சி. திரையை முழுக்கத் திருப்பி, எல்லாக் கோணத்திலும் படம் அணையாமல் இருக்கிறதா பாருங்கள். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசித் துகள் நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை இழை போலப் படர்ந்திருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். 50 எஸ்டிஎம் என்றால், ஃபோகஸ் செய்யும்போது முன் குழல் நேராக வந்து போகிறதா, கரகரப்பு உண்டா என்று கவனியுங்கள். குழல் நீண்ட நிலையில் பையில் திணித்து இடிபட்ட லென்ஸ்கள் சந்தையில் நிறைய உலவுகின்றன. பேட்டரி ஒரிஜினலா என்பதையும் கேமரா திரையிலேயே பார்த்துவிடலாம்: போலியாக இருந்தால் பல சமயம் தொடர்பு கொள்ள முடியவில்லை என்ற எச்சரிக்கை வரும், மீதிச் சார்ஜும் சரியாகக் காட்டாது. அப்படி இருந்தால் புது ஒரிஜினல் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.