அம்மாவோட கேன்சர் ட்ரீட்மெண்டுக்கு எங்க ஹெல்த் பாலிசி எவ்ளோ தூரம் வந்துச்சு – கோத்தகிரியிலேருந்து ஒரு ரிவ்யூ

ஸ்டார் போடச் சொன்னா பாலிசிக்கு 5க்கு 3, ஆஸ்பத்திரியில இருந்த இன்ஷூரன்ஸ் டெஸ்குக்கு 4, பாலிசி வித்த ஏஜெண்டுக்கு ஒண்ணும் கிடையாது. கம்பெனி பேரு, ஆஸ்பத்திரி பேரு ரெண்டும் போடல, ஏன்னா பேரு போட்டா கமெண்டுல எல்லாரும் அந்தக் கம்பெனிய திட்டுறதோட போயிடுவாங்க, ஆனா நான் சொல்லப் போறதுல முக்கால்வாசி உங்க பாலிசிலயும் இருக்கும், எடுத்துப் பாருங்க.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஹெர்-2 பாசிட்டிவ் டைப் (ஹெர்-2ங்கற புரதம் அதிகமா இருக்கற வகை). ஊட்டியில மெடிக்கல் காலேஜ் வந்துருச்சு, டெஸ்ட், முதல் கட்ட பரிசோதனைக்கெல்லாம் இப்ப அங்க போகலாம்தான், ஆனா ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன்னு மொத்தமும் ஒரே டாக்டர் பாக்கட்டும்னு கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம், எங்க பக்கம் பெரும்பாலும் எல்லாரும் கீழதான் போவாங்க. பாலிசி அம்மா பேர்ல தனியா எடுத்தது, 5 லட்சம், ஏழெட்டு வருசமா விடாம கட்டிட்டு வர்றது. பச்சைத் தேயிலை விலை கிலோ அடிமாட்டு ரேட்டுக்குப் போன வருசமும் அப்பா இதை மட்டும் நிறுத்தல.

முதல்ல ரூம் வாடகை, ஏன்னா காசு போற பெரிய ஓட்டை இதுதான். ஏஜெண்ட் பாலிசி விக்கும்போது "5 லட்சம் வரைக்கும் ஒத்த பைசா கட்ட வேண்டாம்"னுதான் சொன்னாரு. உள்ள பாத்தா ரூம் வாடகை ஒரு நாளைக்கு சம் இன்ஷூர்ட்ல (மொத்த பாலிசித் தொகைல) 1 சதவீதம், அதாவது 5000 ரூபா, ஐசியூன்னா 2 சதவீதம். சரி, 8000 ரூபா ரூம் எடுத்தா மேல இருக்கற 3000த்தை நம்ம கையிலேருந்து கட்டிட்டாப் போச்சுன்னுதான் எல்லாரும் நெனப்போம். அப்படி இல்ல. 5000 உரிமை, எடுத்தது 8000, அப்ப உங்க உரிமை 62.5 சதவீதம்னு கணக்கு, அந்த விகிதத்துலயே சர்ஜன் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், மயக்க டாக்டர், நர்சிங் எல்லாத்தையும் வெட்டுவாங்க. இதெல்லாம் சேந்து 1,60,000 வந்துச்சுன்னு வைங்க, 60,000 ரூபா உங்க தலைல, அதுக்கு மேல நாளுக்கு 3000 வாடகை வித்தியாசம் தனி. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளாண்ட், டெஸ்ட் இதுல மட்டும் இந்த விகித வெட்டு வெட்டக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ (இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற அமைப்பு) விதி இருக்கு, பில்லுல அப்படி வெட்டியிருந்தா விடாதீங்க.

இதை எங்களுக்கு ஏஜெண்ட் சொல்லல, ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்குல உக்காந்திருந்த ஒரு பொண்ணு சொல்லுச்சு. அட்மிஷன் கவுண்டர்ல "ட்வின் ஷேரிங் ஃபுல்லுங்க, சிங்கிள் ஏசிதான் இருக்கு"ன்னு கையெழுத்துக்கு ஃபார்மை நீட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு எட்டிப் பாத்து, "அண்ணா, உங்க லிமிட்டுக்கு இது வேண்டாம், ஆபரேஷன் நாளைக்குத்தானே, இன்னைக்கு ஜெனரல் வார்டுல போட்டுக்கோங்க, நாளைக்கு காலைல ட்வின் ஷேரிங் காலியாகும், நான் பிளாக் பண்ணி வைக்கிறேன்"னுச்சு. அம்மாவுக்கு வார்டு பெருசா ஒண்ணும் தோணல, பக்கத்து பெட்ல குன்னூர்க்காரங்க ஒருத்தங்க இருந்தாங்க, ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தாங்க. அந்த டெஸ்குக்கு 4 ஸ்டார் இதுக்குத்தான். ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னு கீழ சொல்றேன்.

அப்புறம் ஆபரேஷனுக்கு முன்னாடி ஆன செலவு. மேமோகிராம், பயாப்சி, பெட்-சிடி ஸ்கேன்னு அட்மிட் ஆகாமலே ஒரு பெரிய தொகை போயிடும், இதுக்கு கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டறது) கிடையாது. ஆனா பாலிசில ப்ரீ-ஹாஸ்பிட்டலைசேஷன்னு ஒண்ணு இருக்கும், 30 நாளோ 60 நாளோ, அதே நோய்க்கு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி ஆன டெஸ்ட், டாக்டர் ஃபீஸ், மருந்தெல்லாம் அப்புறமா பில்லைக் குடுத்து ரீஇம்பர்ஸ்மெண்டுல வாங்கிக்கலாம். ஒரிஜினல் பில்லு, டாக்டர் எழுதின சீட்டு, ரிப்போர்ட் மூணும் ஒண்ணா இருக்கணும், சீட்டு இல்லாம பில்லு மட்டும் இருந்தா தூக்கிப் போட்டுடுவாங்க. இன்னொண்ணு, கீமோ ஒவ்வொரு தடவையும் தனி அட்மிஷன் கணக்குதான், அதனால அதுக்கு முன்னாடி பின்னாடி எடுக்கற பிளட் டெஸ்ட், வெள்ளையணு ஏத்துற ஊசி இதெல்லாம் ஏதாவது ஒரு அட்மிஷனோட ப்ரீயிலயோ போஸ்ட்லயோ வந்துரும். கோத்தகிரி லேப்ல எடுத்த சின்னச் சின்ன சிபிசி (ரத்த அணு டெஸ்ட்) பில்லு கூட நாங்க விடல. தம்பி எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சிருந்தான், கடைசில அந்த டப்பாவே ஒரு நல்ல தொகைக்கு வந்துச்சு.

பாலிசிக்கு ரெண்டு ஸ்டார் குறைச்சதுல ஒண்ணு இங்கதான் போச்சு. பயாப்சி பில்லை "ஓபிடி (அட்மிட் ஆகாம பாத்த) செலவு, கவர் இல்ல"ன்னு கட் பண்ணிட்டாங்க. பாலிசில அந்த ப்ரீ-ஹாஸ்பிட்டலைசேஷன் விதியோட நம்பரை எழுதி, அதே நோய்க்கு அட்மிட் ஆன தேதியையும் எழுதி, அவங்க குறைதீர்ப்பு மெயிலுக்கு அனுப்பினோம், பதிலே இல்ல, அப்புறம் ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்ல புகார் போட்டதும் "மறுபரிசீலனை செய்யப்பட்டது"ன்னு பணம் அக்கவுண்டுல விழுந்துச்சு. அதுலயும் நடக்கலைன்னா இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்னு குறைதீர்ப்பாளர் இருக்காங்க, தமிழ்நாட்டுக்கு சென்னை ஆஃபீஸ், 50 லட்சம் வரைக்கும் கேஸ் எடுப்பாங்க, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனிக்கு எழுதி 30 நாள்ல பதில் வரலைன்னா போகலாம், அவங்க மாட்டேன்னு பதில் குடுத்தா அதுலேருந்து ஒரு வருசத்துக்குள்ள போயிடணும்.

கேஸ் ஷீட்ல என்ன எழுதுறாங்கன்னு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாருங்க. அட்மிட் ஆகும்போது ட்யூட்டி டாக்டர் வேக வேகமா கேள்வி கேப்பாரு, எத்தனை நாளா கட்டி இருக்கு, சுகர் எத்தனை வருசம், பிரஷர் எத்தனை வருசம்னு. வீட்டுப் பெரியவங்க "அது ரொம்ப வருசமா இருக்குதுங்க சாமி"ன்னு எதையோ நெனச்சுக்கிட்டு சொல்லிடுவாங்க, அவரும் அதை அப்படியே எழுதிடுவாரு, அந்த ஒத்த வரிய வெச்சு கம்பெனி "பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே நோய் இருந்துச்சு"ன்னு க்வெரி போடும் (விளக்கம் கேக்கும்). எங்களுக்கும் க்வெரி வந்துச்சு, அம்மாவோட பிரஷர் மாத்திரை பத்தி. ஆனா 60 மாசம் தொடர்ந்து கட்டின பாலிசின்னா, மோசடின்னு நிரூபிச்சா ஒழிய, முன்னாடி சொல்லலைன்னு காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது, முன்ன இது 8 வருசமா இருந்துச்சு, 2024ல 5 ஆக்கினாங்க. ஏற்கனவே இருக்கற நோய்க்கான வெயிட்டிங்கும் (கவர் ஆக காத்திருக்கற காலம்) அதே நேரத்துல 4 வருசத்துலேருந்து அதிகபட்சம் 3 வருசம்னு குறைஞ்சுது. எங்க பாலிசிக்கு வயசு அதைத் தாண்டியிருந்ததால க்வெரி ஒரே மெயில்ல முடிஞ்சுது, புது பாலிசியா இருந்திருந்தா ஒவ்வொரு பழைய சீட்டா தேடி அலைஞ்சிருக்கணும்.

கீமோ டே-கேர்ல, காலைல போயி சாயங்காலம் வர்றது. 24 மணி நேரம் பெட்ல இருந்தாத்தான் க்ளெய்ம்னு இன்னும் பலபேர் நெனச்சிட்டிருக்காங்க, கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் அப்படி இல்ல. ஆனா டிஸ்சார்ஜ் இருக்கே, அதுதான் கொடுமை. ஃபைனல் பில்லு அனுப்பினா 3 மணி நேரத்துக்குள்ள கம்பெனி அப்ரூவல் குடுத்தாகணும், முதல் அப்ரூவல்னா 1 மணி நேரம், லேட்டானா அதனால ஏறுற ஆஸ்பத்திரி செலவை கம்பெனியே ஏத்துக்கணும்னு ஐஆர்டிஏஐயோட 2024 மே மாச சுற்றறிக்கைலயே இருக்கு. பேப்பர்ல. நடப்புல மத்தியானம் ஊசி முடிஞ்சு அம்மா வாந்தியும் தலைசுத்தலுமா சேர்ல சாய்ஞ்சிருக்காங்க, டெஸ்குல கேட்டா கம்பெனில பெண்டிங்குங்கறாங்க, கம்பெனிக்கு போன் போட்டா ஆஸ்பத்திரி இன்னும் பில்லே அனுப்பலைங்கறாங்க. டெஸ்குக்கு ஒரு ஸ்டார் போனது இதுக்குத்தான், சாப்பாட்டு நேரத்துல பில்லை அனுப்பாம வெச்சிருந்தது அவங்கதான். கீழ இருக்கறவங்களுக்கு ரெண்டு மணி நேரம் லேட்டானா ரெண்டு மணி நேரம்தான், நமக்கு அப்படியா? இருட்டுன பிறகு மேட்டுப்பாளையம் தாண்டி குஞ்சப்பனை வழியா ஏறணும், பலாப்பழ சீசன்ல யானை ரோட்டுலயே நிக்கும், கீமோ ஏத்துன ஆளை வண்டிக்குள்ள வெச்சுட்டு லைட்டை டிம் பண்ணிட்டு காத்துக் கெடக்கணும். அப்புறமா நாங்க பண்ணது என்னன்னா முந்தின நாளே டெஸ்குக்கு போன் போட்டு, "காலைலயே எஸ்டிமேட் அனுப்பிடுங்க, பத்து மணிக்கு மருந்து ஏத்துங்க, நாங்க மலைக்குப் போகணும்"னு சொல்லிடுவோம். அது வேலை செஞ்சுது.

இப்ப ஹெர்-2 மருந்து, ட்ராஸ்டுஜுமாப். 21 நாளுக்கு ஒரு தடவை, ஒரு வருசம். இது மோனோக்ளோனல் ஆன்டிபாடி (லேப்ல தயாரிக்கற எதிர்ப்புப் புரதம்), ஐஆர்டிஏஐ பட்டியல்ல நவீன சிகிச்சைல வருது, கம்பெனி மாட்டேன்னு சொல்ல முடியாது, ஆனா சப்-லிமிட் வைக்கலாம், எங்க பாலிசில சம் இன்ஷூர்ட்ல பாதி. அதாவது 5 லட்சத்துல இந்த மருந்துக்கு ஒரு பாலிசி வருசத்துக்கு 2.5 லட்சம்தான். ட்ரீட்மெண்ட் ரெண்டு பாலிசி வருசத்துல பரவி இருந்ததால ரின்யூவலுக்கு அப்புறம் லிமிட் திரும்ப புதுசா வந்துச்சு, இல்லைன்னா நடுவுலயே தீர்ந்திருக்கும். கேஷ்லெஸ்தானேன்னு விலைய பாக்காம விட்டுறாதீங்க, எம்ஆர்பிக்கு போட்டா உங்க லிமிட்தான் கரையுது. இந்திய பயோசிமிலர் (அசல் மருந்துக்கு இணையா தயாரிக்கறது) இருக்கு, டாக்டர்கிட்ட நேராவே கேட்டோம், அவரும் சரின்னுட்டாரு.

அப்புறம் வயல் (மருந்து பாட்டில்) கணக்கு. 440 மில்லிகிராம் வயல் ஒண்ணு, அம்மா எடை 55 கிலோ, கிலோவுக்கு 6 மில்லிகிராம்னா வேண்டியது 330. மிச்சம் 110? அந்த வயலோட கூட வர்ற தண்ணில கலக்கினா 2 டிகிரிலேருந்து 8 டிகிரிக்குள்ள 28 நாள் வைக்கலாம்னு மருந்து கூட வர்ற தாள்லயே இருக்கு, அடுத்த ஊசி 21 நாள்ல. நாங்க ஃபார்மசில கேட்டதுக்கு முதல்ல "அப்படியெல்லாம் வைக்க மாட்டோம்"னாங்க, டாக்டர் எழுதிக் குடுத்ததும் பேரு ஒட்டி அவங்க ஃப்ரிட்ஜுலயே வெச்சாங்க. அந்த மிச்சமும் சேந்ததுல நாலு ஊசிக்கு மூணு வயல் போதும்னு ஆச்சு. எல்லா பிராண்டுக்கும், எல்லா சைஸுக்கும் இது பொருந்தாது, வீட்டுக்கு எடுத்துட்டும் வரக் கூடாது, டாக்டரையும் ஃபார்மசிஸ்டையும் கேட்டுட்டு பண்ணுங்க.

பாலிசி சுத்தமா எட்டிப் பாக்காத செலவு ஒண்ணு இருக்கு, மலைக்காரங்களுக்கு அதுதான் பாதி. ரேடியேஷன் வாரத்துல அஞ்சு நாள், வாரக்கணக்குல போகும், தினமும் ஏறி எறங்க முடியாது, ஆஸ்பத்திரி பக்கத்துல வீடு மாதிரி ரூம் எடுத்துதான் தங்கணும். லாட்ஜு வாடகை, சாப்பாடு, டாக்ஸி, அம்மாகூட இருக்க லீவு போட்ட தங்கச்சியோட சம்பளம், ஒண்ணுக்கும் பில்லு செல்லாது. கோயமுத்தூர் நம்பர் டாக்ஸி புடிச்சா இ-பாஸ் வேற போடணும், அதனால எப்பவும் டிஎன்-43 (நீலகிரி நம்பர்) வண்டியே சொல்லி வெச்சுக்கிட்டோம். விக், க்ளவுஸ், மாஸ்க் இந்த மாதிரி ஐட்டமும் காசு தராத லிஸ்டுல. ரேடியேஷன் முடிஞ்சு வருசக்கணக்குல போட வேண்டிய ஹார்மோன் மாத்திரை இருந்தா அதுவும் போஸ்ட்-ஹாஸ்பிட்டலைசேஷன் நாள் முடிஞ்சதும் நம்ம கணக்குதான். இதுக்கெல்லாம் நோய் உறுதியானதும் மொத்தமா ஒரு தொகை குடுக்கற க்ரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இருந்தா உதவும், அந்தக் காசை லாட்ஜுக்கும் கட்டலாம், ஆனா அதுல ஆரம்ப நிலை கேன்சரை சேத்துக்காத பாலிசி நெறைய, படிச்சுப் பாருங்க.

எங்க லைன்ல எஸ்டேட்டுக்குப் போற அக்கா ஒருத்தங்களுக்கும் அதே சமயம் கர்ப்பப்பை வாய் கேன்சர். அவங்ககிட்ட இருந்தது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வருசத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம், பிரீமியம் இல்ல, வருட வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி ஊட்டி கலெக்டர் ஆஃபீஸ்ல பதிஞ்சது. அங்க பேக்கேஜ் ரேட்டு, ரூம் வாடகை வெட்டுங்கற பேச்சே இல்ல, வெயிட்டிங் பீரியடும் இல்ல. ரேடியேஷனுக்கு தேதி கிடைக்கத்தான் காத்திருந்தாங்க, எந்த ஆஸ்பத்திரி, எந்த ரூம்ங்கறதுல சாய்ஸ் கம்மி. ஆனா பில்லுன்னு பாத்தா எங்களைவிட அவங்க நிம்மதியா இருந்தாங்க, அது உண்மை. தகுதி இருக்கறவங்க அந்த அட்டைய எடுக்காம ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு பிரீமியம் கட்டிட்டு இருந்தா முதல்ல அட்டைய எடுங்க, சந்தேகம்னா 1800 425 3993க்கு போன் போடுங்க.

ரின்யூவல் இப்பதான் முடிச்சோம். க்ளெய்ம் எடுத்தீங்கன்னு சொல்லி ரின்யூவல மறுக்கவோ அம்மாவுக்கு மட்டும் தனியா பிரீமியம் ஏத்தவோ முடியாது, அது விதி, அந்த விசயத்துல கம்பெனி ஒழுங்கா நடந்துச்சு. 2025 செப்டம்பர் 22லேருந்து தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி எடுத்துட்டாங்க, ஆனா அம்மா அடுத்த வயசு ஸ்லாபுக்குப் போயிட்டதால மிச்சமானது பெருசா கண்ணுல தெரியல. சம் இன்ஷூர்ட்ட 10 லட்சமா கூட்டக் கேட்டோம், ரிப்போர்ட்டைப் பாத்துட்டு முடியாதுன்னுட்டாங்க. ரூம் வாடகை லிமிட் இல்லாத ப்ளானுக்காவது மாத்துங்கன்னு கேட்டதுக்கு ஏஜெண்ட் பாத்துச் சொல்றேன்னாரு, இன்னும் பாத்துட்டே இருக்காரு.