குறைந்த செலவில் விளம்பரம் என்று சொல்லி 35,400 ரூபாயைக் கொண்டுபோனார்கள்: சிறு கடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்று காலை ஏழே கால் மணிக்குச் சென்னிமலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். நான்கு ஆண்டுகளாக மாதம் தவறாமல் எங்களிடம் ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் வாங்கும் குடும்பம் அவர்களுடையது. "ஏனுங்க, கடையை மூடிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்களே" என்று கேட்டார். அப்போது எங்கள் மரச்செக்கு ஓடிக்கொண்டிருந்தது. எள்ளோடு சேர்ப்பதற்காகக் கருப்பட்டியை உடைத்துக்கொண்டிருந்த கையோடுதான் போனை எடுத்திருந்தேன். அவர் சொன்ன பிறகு கூகுள் மேப்பில் தேடிப் பார்த்தேன். எங்கள் கடையின் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று இருந்தது.

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. நல்லெண்ணெய் விற்கும் ஒரு கடைக்கு ஆண்டில் இதைவிடப் பெரிய வாரம் கிடையாது. இந்த நேரத்தில் என் கடையை ஊரறிய மூடியவர்கள், கடைக்கு ஆள் சேர்த்துத் தருகிறோம் என்று என்னிடம் 35,400 ரூபாய் வாங்கிய விளம்பர நிறுவனத்தார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். சிறு தொழில் செய்பவர்களைத் தேடி நேரில் வந்து "டிஜிட்டல் மார்க்கெட்டிங்" விற்கும் வகையைச் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். குறைந்த செலவில் வாடிக்கையாளரைச் சேர்க்கும் வழிகளை இந்தப் பதிவின் முடிவில் எழுதுகிறேன். அதற்கு முன்பு, நடந்ததை முழுவதும் சொல்லிவிட வேண்டும்.

நானும் என் கணவரும் ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் இடையில் ஆறு ஆண்டுகளாக வாகை மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கிறோம். ஆடி மாதம் எங்களுக்கு எப்போதும் மந்தம். கல்யாணம் இல்லை. கடையில் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் பத்துப் பேர் வருவது அரிது. அப்படி ஒரு பிற்பகலில்தான் அந்த இளைஞர் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வந்தவுடன் விளம்பரம் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அரை லிட்டர் நல்லெண்ணெய் கேட்டு வாங்கினார். பிறகு மூலையில் இருந்த புண்ணாக்கை ஒரு துண்டு உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அசல் செக்குப் புண்ணாக்குங்கக்கா, எங்க வீட்ல ரெண்டு எருமை நிக்குது, அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு" என்று சொல்லி ஐந்து கிலோ கட்டச் சொன்னார். நான் நம்பியது அந்த நொடியில்தான். மாடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை, புண்ணாக்கின் மணம் தெரிந்த பிள்ளை, நம்மை ஏமாற்றாது என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. குடிக்க மோர் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் பேச்சு தொடங்கியது. அவருடைய போனில் ஏதோ தட்டி, பக்கத்து ஊர் எண்ணெய்க் கடை ஒன்று முதலாவதாக வருவதைக் காட்டி, "அவங்களுக்கு நாங்கதான் பண்ணினோம்" என்றார். தட்டியது அந்தக் கடையின் பெயரையா, "செக்கு எண்ணெய்" என்ற சொல்லையா என்று நான் பார்க்கவில்லை. கடையின் பெயரையே தட்டினால் அந்தக் கடை முதலில் வராமல் வேறு எது வரும்? இந்தச் சிறிய கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதத் திட்டம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400 ரூபாய், ஆக மொத்தம் 35,400 ரூபாய் என்றார். அதற்குள் கூகுளில் "பிரீமியம் பதிவு", முதலிடத்துக்கு உத்தரவாதம், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்கள், மாதம் நூறு "லீட்" (அதாவது வாங்க விருப்பம் உள்ளவர்களின் போன் எண்கள்) எல்லாம் அடக்கம் என்றார். அன்றே 10,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லை, தனி ஆளின் பெயராக இருந்தது. கேட்டதற்கு, "கம்பெனி அக்கவுன்ட்ல லிமிட் முடிஞ்சுருச்சுங்கக்கா" என்றார். மறுநாள் மீதி 25,400 ரூபாயையும் அனுப்பினேன்.

அந்தப் பணம் எள் வாங்க எடுத்து வைத்தது. கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35,400 ரூபாய்க்கு 236 கிலோ எள் வரும். ஆட்டினால் ஏறக்குறைய நூறு லிட்டர் நல்லெண்ணெய். இந்தத் தீபாவளிக்கு அந்த எண்ணெய் எங்கள் கடையில் இல்லை.

அவர்கள் முதலில் கேட்டது கூகுள் மேப்பில் இருக்கும் கடைப் பதிவின் உரிமை. எங்கள் கடைக்கு ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. என் தம்பி மகன் போட்டுக் கொடுத்தது. 26 பேர் கருத்து எழுதியிருந்தார்கள், எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். "வேலை செய்யணும்னா முதன்மை உரிமையாளரா எங்க மெயிலைப் போடணும்" என்றார்கள், நானும் ஓ.டி.பி. சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் என்று சேர்த்திருந்தாலே அவர்கள் வேலைக்குப் போதும் என்பதும், முதன்மை உரிமையைக் கொடுப்பது கடைச்சாவியைக் கொடுப்பதற்குச் சமம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. "பிரீமியம் பதிவு" என்ற ஒன்றே கிடையாது. கடையை மேப்பில் சேர்ப்பதற்குக் கூகுள் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. உள்ளூர்த் தேடலில் மேலே வருவதற்குப் பணம் கட்டும் வழி எதுவும் இல்லை என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. தேடுகிற சொல்லுக்குப் பொருத்தமாக இருக்கிறதா, தேடுகிறவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது. காசு கொடுத்துப் போடும் விளம்பரம் தனியாக, விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும். அப்படியிருக்க, முதலிடத்துக்கு உத்தரவாதம் கொடுக்க இவர்கள் யார்?

முதல் மாதம் 43 புதிய கருத்துகள் வந்தன, எல்லாமே ஐந்து நட்சத்திரம். சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. உட்கார்ந்து படித்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. அதில் ஒருவர் சாப்பாடு மிகவும் ருசி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இன்னொருவர் அறைகள் சுத்தமாக இருந்தன என்று எழுதியிருந்தார். எண்ணெய்க் கடையில் எந்த அறையில் தங்கினார்கள்? இரண்டே வாரத்தில் அந்த 43 கருத்துகளும் காணாமல் போயின. கூடவே எங்கள் உண்மையான வாடிக்கையாளர்கள் எழுதிய 26 கருத்துகளில் 11 மறைந்தன. அந்தப் பதினொன்றில், மகளின் சீமந்தத்துக்கு எங்களிடம் எண்ணெய் வாங்கிய ஓர் அம்மா பேத்தியை உட்கார வைத்துத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லி எழுதிய நான்கு வரிகளும் உண்டு. அதை நினைத்தால் பணத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

லீட் என்று ஓர் எக்செல் தாள் அனுப்பினார்கள். அதில் இருந்த 112 எண்களுக்கும் நான்கு நாள் உட்கார்ந்து நானே அழைத்தேன். முப்பதுக்கு மேல் உபயோகத்தில் இல்லாத எண்கள். பலருக்குத் தமிழே தெரியவில்லை. ஒருவர், நான் பழைய காரை வாங்கப் பேசுகிறேன் என்று நினைத்து விலை சொன்னார். கடைசிப் பக்கத்தில் ஒன்பது பேர் மட்டும் உடனே அன்போடு பேசினார்கள், ஏனென்றால் அவர்கள் எங்கள் பழைய வாடிக்கையாளர்கள். "டேட்டாபேஸ் வேணும்" என்று கேட்டு என் ஆர்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள், அதே எண்களை என்னிடமே விற்றிருக்கிறார்கள்.

விளம்பரம் எங்கே ஓடுகிறது என்று கேட்டால், 84,000 பேரைச் சென்றடைந்ததாக ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். விளம்பரத்தை அவர்களுடைய கணக்கிலிருந்து போட்டதாகச் சொன்னார்கள், அதனால் எவ்வளவு செலவானது என்று எனக்குத் தெரிய வழியில்லை. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு பக்கத்தின் பெயரில் இப்போது ஓடும் விளம்பரங்களை யார் வேண்டுமானாலும் "ஆட் லைப்ரரி" என்ற பொதுப் பக்கத்தில் பார்க்கலாம் என்று தம்பி மகன் சொன்னான். மூன்று வாரம் தினமும் பார்த்தேன். எங்கள் கடையின் பெயரில் ஒரு விளம்பரமும் இல்லை.

அதன் பிறகு நான் கேட்ட பதில்களைக் கேளுங்கள். முதல் வாரம், கூகுள் அல்காரிதம் மாறிவிட்டது என்றார்கள். இரண்டாவது வாரம், பலன் தெரிய ஆறு மாதம் ஆகும் என்றார்கள். மூன்று மாதத் திட்டத்துக்கு ஆறாவது மாதம் பலன் வருமாம். புண்ணாக்கு வாங்கிய அந்த இளைஞர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். டீம் லீடர் விடுப்பில் இருக்கிறார், டிக்கெட் போட்டிருக்கிறோம், அக்கவுன்ட்ஸில் கேட்டுச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு குரல். கடைசியில் ஒரு பெண், "அக்ரிமென்ட்ல நோ ரீஃபண்ட்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா என்று தொடங்கியவர்கள் மேடம் என்று முடித்தார்கள்.

போன வாரம் பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்கே போனேன். ரசீதில் இருந்த முகவரி, மேசைகளை மாத வாடகைக்கு விடும் ஒரு பொது அலுவலகம். வாசலில் இருந்த காவலாளி பெரியவர் என் கையில் இருந்த ரசீதைப் பார்த்ததும், "உங்களோட சேர்த்து இந்த மாசம் நாலாவது ஆளும்மா" என்று சொல்லி உட்கார நாற்காலி கொடுத்தார். அவர்கள் காலி செய்து ஒரு மாதம் ஆகிறதாம். திரும்பி வந்து, தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ரசீதைக் காட்டினேன். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டவுடன், பதிவு ரத்து செய்யப்பட்டது என்று வந்தது. ரத்தான தேதி என் ரசீதுக்கு முந்தைய தேதி. அதாவது வரி என்று சொல்லி என்னிடம் வாங்கிய 5,400 ரூபாய் அரசாங்கத்துக்கும் போகவில்லை. அதைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை, அரை நிமிட வேலை. பணம் கொடுப்பதற்கு முன்பு நான் செய்திருக்க வேண்டிய வேலை.

நேற்று முன்தினம், பணத்தைத் திருப்பித் தராவிட்டால் புகார் கொடுப்பேன் என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. நேற்று என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். இன்று காலை என் கடை "நிரந்தரமாக மூடப்பட்டது".

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் இன்று புகார் பதிவு செய்துவிட்டேன். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று. கூகுளில் உரிமையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். கடையின் பெயர்ப்பலகை, தெரு, உள்ளே செக்கு ஓடுவது எல்லாம் வரும்படி, ஆதாரமாகக் காட்ட வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். 35,400 ரூபாய் திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

வழிகளை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது நிதானமாக எழுதும் நிலையில் நான் இல்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். கூகுள் பதிவை நீங்களே, உங்கள் சொந்த மெயிலில் இலவசமாகப் போடுங்கள். முதன்மை உரிமையை யாருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள். விளம்பரம் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கு மட்டும் போடுங்கள். தனி ஆளின் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஜி.எஸ்.டி. எண்ணைத் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் நோட்டைப் படம் எடுக்க விடாதீர்கள். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போகும் என்பதால், பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இதுவரை புதிய ஆட்களைக் கொண்டுவந்தது பாட்டில் லேபிளில் பெரிதாக அச்சடித்த போன் எண்ணும், உழவர் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கொடுத்த நூறு மில்லி மாதிரிப் பாட்டில்களும்தான். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

நோட்டில் 340 எண்கள் இருக்கின்றன. கடை மூடவில்லை என்று ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்ல வேண்டும். மாலைக்குள் 62 பேருக்குச் சொல்லிவிட்டேன்.