மண்டபத்தில் ‘ஒரு நாள் வாடகை’ என்றால் எத்தனை மணி நேரம்? கேட்டு, எழுதி வாங்குங்கள்

அடுத்த சீசனில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் தங்கச்சி கல்யாண வரவேற்பில் நாங்கள் ஏமாந்த கதை இது. மண்டபத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஊர் திருச்சி, மாதம் ஆவணி. ஞாயிறு சாயங்காலம் வரவேற்பு, திங்கள் காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள் முகூர்த்தம். திங்கட்கிழமை 7.30க்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் தாலி ஏற வேண்டும். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அடுத்து வரும் புரட்டாசியிலும் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்ட ஆவணியில் எல்லா வீட்டுக் கல்யாணமும் வந்து குவிகிறது. மண்டபம் கிடைத்ததே பெரிசு என்று அப்பா அன்றைக்கே 50,000 ரூபாய் கட்டிவிட்டு வந்தார்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் 2 மணிக்குச் சாவி வாங்கிக்கலாம் சார், மறுநாள் 2 மணிக்குத் திருப்பிக் கொடுத்துடணும்” என்று மேனேஜர் வாயால் சொன்னார். ரசீதில் இரண்டு தேதிகளும் ‘ஒரு நாள் வாடகை’ என்ற மூன்று வார்த்தைகளும் இருந்தன. நேரம் இல்லை. நானும் அதைப் படித்துப் பார்த்துத்தான் மடித்து வைத்தேன்.

அந்த 2 மணியை நம்பித்தான் மற்ற எல்லாவற்றையும் அடுக்கினோம். மேடை அலங்காரத்துக்கு மூன்று மணி நேரம். பெண்ணுக்கு மேக்கப் இரண்டரை மணி நேரம். சமையல் மாஸ்டர் 2 மணிக்கு அடுப்பு மூட்டினால் 7 மணிக்கு முதல் பந்தி. ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகுகாலம் என்பதால் மாப்பிள்ளை வீட்டாரை 4 மணிக்கே ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துவிடுவது. பத்திரிகையில் ‘மாலை 6.30 மணி முதல்’ என்று அச்சடித்தோம்.

எனக்குக் கணக்குப் பார்க்கும் வியாதி உண்டு, அதனால் இதையும் போட்டுப் பார்த்தேன். 600 பேர் என்றால் மேடை ஏறுவது ஏறக்குறைய 200 குடும்பம். ஒரு குடும்பம் ஏறி, கவரைக் கொடுத்து, ஃபோட்டோவுக்கு நின்று இறங்க 45 விநாடி. ஆக இரண்டரை மணி நேரம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 200 பேர், இலை போட்டு எடுத்துத் துடைக்க 40 நிமிடம், மூன்று பந்திக்கு இரண்டு மணி நேரம். 6.30க்குத் தொடங்கினால் 9.15க்குள் எல்லாம் அடங்கிவிடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டத்தில் இடமில்லை, பெண்ணும் விடிகாலை 3.30க்கு எழுந்தாக வேண்டும். இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் கையில் மிச்சம் இருந்தது.

அன்று 2 மணிக்குப் பாத்திர வேனோடு போய் இறங்கினால், உள்ளே காலைக் கல்யாணக்காரர்களின் மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. “அரை மணி நேரம் சார், கிளம்பிட்டாங்க” என்றார் மேனேஜர். 3 மணிக்கும் அதே அரை மணி நேரம். மூன்றரைக்கு அவருடைய போன் அணைந்துவிட்டது.

கோபத்தில் அந்தக் கல்யாணப் பெண்ணின் தாய்மாமாவைப் பிடித்துக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “நாங்க சாயங்காலம் 5 மணி வரைக்கும் பேசியிருக்கோம் தம்பி. அதுக்குன்னு தனியா 12,000 கட்டியிருக்கோம்.” ரசீதையும் காட்டினார். ‘கூடுதல் நேரம், மாலை 5 மணி வரை’ என்று மேனேஜர் கையெழுத்திலேயே இருந்தது. ஒரே மூன்று மணி நேரத்தை இரண்டு வீட்டுக்கு விற்றிருக்கிறார்! அந்த ரசீதை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அந்த மாமாவுக்கே சங்கடமாகிவிட்டது. எங்கள் அலங்காரப் பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாயசம் ஊற்றினார். நல்ல மனிதர்.

சாவி கைக்கு வந்தபோது 5.10. மாப்பிள்ளை வீட்டு வேன் 4 மணிக்கே வந்து நின்றுவிட்டது. இப்போது உள்ளே அழைக்கலாமா என்றால், “ராகுகாலத்துல ஆரத்தி எடுக்கச் சொல்றியாடா?” என்று பெரியப்பா என் மேல் பாய்ந்தார். 6 மணி அடிக்கும்வரை சம்பந்தியம்மா பட்டுப்புடவையோடு அந்த வேனுக்குள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பணம் போனதைவிட அப்பாவுக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

6.30க்குச் சரியாக வந்தவர்களுக்குப் பாதி பூக் கட்டிய மேடையும் காலி நாற்காலிகளும்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மறுநாள் ஆபீஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மணப்பாறை, முசிறியிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கவரை அப்பா கையில் திணித்துவிட்டு, “இன்னொரு நாள் வீட்டுக்கு வர்றோம்” என்று சாப்பிடாமலே எத்தனையோ பேர் போனார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறியபோது 8.20. முதல் பந்தியும் அப்போதுதான். 10 மணிக்குப் பாட்டை நிறுத்தினோம், வரிசை மட்டும் 11 மணியைத் தாண்டியும் நின்றது. 600 இலைக்குச் சொல்லியிருந்தோம், விழுந்தது 410. பணம் 600க்கும் கொடுத்தோம். ஃபோட்டோகிராஃபர் கூடுதல் நேரத்துக்கு 6,000 வாங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், 10 மணிக்கு மேல் தனிக் காசு என்று முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தார்.

மறுநாள் கணக்கு முடிக்கும்போதுதான் உச்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி., கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி எல்லாம் முன்பே சொன்னவை, கொடுத்தோம். கடைசியில் ஒரு வரி: நாங்கள் காலி செய்தது 2.40க்காம், 40 நிமிடம் கூடுதலாம், அதற்கு அரை நாள் வாடகை 20,000. மறுநாள் செவ்வாய்க்கிழமை, எவர் வீட்டிலும் முகூர்த்தம் கிடையாது. அதனால் திங்கள் சாயங்காலம் அந்த மண்டபம் பூட்டித்தான் கிடந்தது.

“நேத்து எங்களுக்கு மூணு மணி நேரம் போச்சே?”

“அது நீங்களா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டது சார். ரசீதுல 2 மணின்னு எங்க போட்டிருக்கு?”

“அப்ப இன்னைக்கு மட்டும் 2 மணி எங்கேருந்து வந்துச்சு?”

அதற்கு ஓனரைத்தான் கேட்க வேண்டுமாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அந்த மாமாவின் ரசீதுப் படம், “2 மணிக்கு வந்துடுங்க சார்” என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசினேன். ஒரு மாதம் கழித்து அந்த 20,000 திரும்பி வந்தது. ஞாயிறு போன மூன்று மணி நேரத்துக்குச் சல்லிக்காசு இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம்கூடக் கிடையாது, போடலாம் என்றேன். “கல்யாண விஷயத்துக்கு நான் கோர்ட்டு வாசல்ல போய் நிக்கணுமா?” என்று அப்பா முடித்துவிட்டார்.

மண்டபம் பார்க்கப் போனால் வாடகையைப் பேசும் முன் அவர்களுடைய புக்கிங் டைரியைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் வரவேற்பு நாள் காலையில் வேறு கல்யாணம் இருந்தால், சாவி நேரம், ஒப்படைக்கும் நேரம், தாமதமானால் மணிக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பது மூன்றும் ரசீதிலேயே ஏற வேண்டும். சமையல்கட்டை மட்டும் முன்கூட்டித் தருவார்களா என்று தனியாகக் கேளுங்கள். மேக்கப்பை வீட்டிலோ பக்கத்து லாட்ஜிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் வாடகை பெரிதில்லை, பெண் தயாராக இருந்தால் பாதிப் பதற்றம் குறையும். பத்திரிகையில் ‘7.30 முதல் 9.30 வரை’ என்று முடிவு நேரத்தையும் போட்டுவிடலாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அது மரியாதையில்லை என்றார்கள். வந்தவர்களைப் பசியோடு அனுப்பியதில் என்ன மரியாதை இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தம்பிக்குத் தை மாதம் கல்யாணம். போன வாரம் மண்டபம் பார்க்கப் போன சம்பந்தியம்மா, அன்று காலையில் அங்கே வேறு கல்யாணம் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகுதான் செருப்பைக் கழற்றி உள்ளே போனாராம்.