கண்மாயா, காரங்காடா, குருசடையா, தனுஷ்கோடியா: ராமநாதபுரத்தில் ஒரு நாள் கையில் இருந்தால்

ராமநாதபுரத்துக்கு விருந்தாளி வந்தால் வண்டியை நேரே தனுஷ்கோடிக்கு விடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அரிச்சல்முனைத் தூண் பக்கத்தில் நாலு போட்டோ, திரும்பும் வழியில் பொரித்த மீன், கதை முடிந்தது. பறவையும் கடலுயிரும் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்பவருக்கு இது போதாது. அவருக்கென்று கைவசம் நான்கு இடங்கள் உண்டு: ஊரை ஒட்டியிருக்கும் சக்கரக்கோட்டைக் கண்மாய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்குப் போகும் வழியில் காரங்காடு, பாம்பன் பக்கம் குருசடைத் தீவு, தனுஷ்கோடிப் பூநாரைகள்.

இடத்தைச் சொல்லும் முன் நான் கேட்பது "எந்த மாசம் வர்றீங்க?" என்றுதான். பாம்பன் பாலத்துக்கு வடக்கே இருப்பது வடகடல், அதாவது பாக் விரிகுடா. தெற்கே தென்கடல், மன்னார் வளைகுடா. ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்று கிளம்பினால் வடகடல் பொங்கும், தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசினால் நிலைமை தலைகீழ். பாம்பன் மீனவர்கள் காற்றைப் பார்த்துத்தான் இந்தக் கடலா அந்தக் கடலா என்று முடிவு செய்வார்கள். ஊர் சுற்ற வருபவருக்கும் அதே கணக்குதான். கண்மாய்க்கு மட்டும் காற்று ஒரு பொருட்டே இல்லை, அதற்கு வேண்டியது மழை.

முதலில் பறவைக்குக் கண்மாயா, தனுஷ்கோடியா என்று பார்த்துவிடலாம். சந்தேகமே இல்லாமல் என் ஓட்டு கண்மாய்க்கு. சக்கரக்கோட்டை 2012இல் பறவைகள் சரணாலயமானது, பரப்பு சுமார் 230 ஹெக்டேர். 2025 பிப்ரவரியில் இதுவும் இதே மாவட்டத்துத் தேர்த்தங்கலும், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே சேர்ந்துவிட்டன. பரப்பில் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், 590 ஹெக்டேருக்கு மேல். ஆனால் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சக்கரக்கோட்டைக்கு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு ஆட்டோவில் போய்விடலாம்.

மார்கழி, தை மாதத்தில் விடிந்தும் விடியாமலும் கரையில் ஏறி, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில்தான் கூடுகள். சங்குவளை நாரை இரை தேடுவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கவனியுங்கள். மஞ்சள் அலகை அரைவாசி திறந்து தண்ணீரில் முக்கியபடியே நடக்கும், ஒரு காலால் சேற்றைக் கிளறிவிடும். கலங்கல் தண்ணீரில் அதன் கண்ணுக்கு வேலை இல்லை. மீன் அலகில் பட்ட அந்த நொடியே பட்டென்று மூடிவிடும். நத்தைக்குத்தி நாரையின் அலகில் நடுவே ஓர் இடைவெளி தெரியும், மூடினாலும் முழுதாக மூடாது. கூழைக்கடாக் குஞ்சு சாப்பிடுவதை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளைகள் பதறிப்போவார்கள்: தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக விட்டுவிடும், யார் யாரைத் தின்கிறார்கள் என்றே புரியாது. கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா எல்லாமே இங்கே உண்டு.

குறை இல்லாமலா? மழை பொய்த்த வருஷம் கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சித்திரை, வைகாசியில் வந்தால் சீமைக்கருவேலத்தையும் வெடித்த மண்ணையும் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். கார்த்திகை மழை எப்படி என்று ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

தனுஷ்கோடியின் பலம் ஒரே ஒரு பறவை. கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத உப்பங்கழியில் மழைக்காலம் முடிந்த பிறகு பூநாரைகள் இறங்கும். 2025 ஜூன் மாதம் சுமார் 525 ஹெக்டேரைப் பெரும் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டித் தின்னும் பறவை அது. அப்படி வடிகட்டித் தின்னும் பாசியிலும் பொடி இறால் வகைகளிலும் உள்ள நிறமியில் இருந்துதான் அதன் இளஞ்சிவப்பு நிறமும் வருகிறது. சிக்கல் என்னவென்றால், அவை நிற்பது வெகுதூரத்தில். மணலில் நாலு பேர் செல்போனோடு நெருங்கினால் மொத்தக் கூட்டமும் நகர்ந்துவிடும். ட்ரோன் பறக்கவிடுபவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே எனக்கு நல்லது. சாயங்காலம் ஆனால் வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள், ஆகவே பூநாரைக்குத் தோதான வெயில் தாழ்ந்த வெளிச்சம் கொஞ்ச நேரத்துக்குத்தான் கிடைக்கும். இரண்டு கடலும் சேரும் இடம், 1964 புயல் விட்டுவைத்த இடிபாடுகள், இவற்றுக்காகப் போங்கள், பூநாரை தெரிந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்தது கடலோரம்: காரங்காடா, குருசடையா?

பெயரும் பெருமையும் குருசடைக்குத்தான். பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம். அதில் மண்டபம் வரிசைத் தீவுகளில் ஒன்று குருசடை. விலங்கியல் படித்தவர்களுக்குப் பலனோகுளோசஸ் என்ற புழுவின் பெயர் நினைவிருக்கலாம், முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவில் வைத்துப் பாடம் நடத்துவார்களே, அதைத் தேடி மாணவர்கள் வந்த தீவு இது. 1897இல் விவேகானந்தர் கரையிறங்கிய குந்துகாலில் இருந்துதான் வனத்துறைப் படகு. மற்ற தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. யாராவது படகுக்காரர் "கூட்டிட்டுப் போறேன் அண்ணே" என்றாலும் போகாதீர்கள், வழக்கு உங்கள் மேலும் பாயும்.

ஆனால் சாதாரணமாகப் பார்க்கப் போகிறவர் தீவில் என்ன பார்ப்பார்? மணல், புதர், தெளிந்த தண்ணீர். விசேஷம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, அதுவும் நோயாளியாக. கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்த வருஷங்கள் உண்டு. போதாததற்கு, வளர்ப்புக்காக வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி தப்பி வந்து குருசடைப் பவளங்களின் மேலேயே போர்வையாகப் படர்ந்தது. கடல்புல் மேயும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கடலிலேயே பிழைக்கிறவர்களுக்கே அது லேசில் கண்ணில் படாது.

காரங்காட்டில் எல்லாம் கை எட்டும் தூரம். வனத்துறை ஆரம்பித்த சூழல் சுற்றுலாவை ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடத்துகிறார்கள், படகோட்டுவது மீனவர்கள்தான். ஓடை வழியே அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து அப்படியே கடலைத் தொடும் படகு. மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில் நட்டுவைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள். ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள், பொடிப்பொடியாக உப்பு ஒட்டியிருக்கும். வேர் வழியே ஏறிய உப்பை மரம் இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. நாக்கில் வைத்தால் சுருக்கென்று கரிக்கும். ஆத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே படகில் போகலாம், கயாக் வேண்டுபவர்களுக்கு அதுவும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் நண்டும் கணவாயும் சமைத்துப் போடுவார்கள். நான் சாப்பிட்ட நண்டுக் குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த அலசல் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

காரங்காட்டின் பலவீனம் வடகடல். வாடை பலமாக வீசும் நாளில் படகு ஓடைக்குள்ளேயே திரும்பிவிடும். தண்ணீர் வற்றிய நேரத்தில் போனாலும் இதே கதை, நேரத்தைப் படகுக்காரரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். பங்குனி முதல் ஆடி வரை எனக்குத் தெரிந்து இதற்குப் போட்டியே இல்லை: கண்மாய் காய்ந்திருக்கும், கச்சானில் குருசடைப் படகு சந்தேகம், தனுஷ்கோடி மணல் காலைப் பொசுக்கும்.

தை மாதத்தில் வருகிறவர் கண்மாயைக் காலையில் முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் தனுஷ்கோடி போகலாம், தென்கடல் அமைதியாக இருக்கும் அந்த நாட்களில் குந்துகால் வழியில்தான் வருகிறது, படகு உண்டா என்று வனத்துறையில் முந்தின நாளே விசாரித்தால் குருசடையும் கைகூடலாம். காரங்காட்டை இதோடு சேர்க்காதீர்கள், அது எதிர்த் திசை. கண்மாய்க்கும் தனுஷ்கோடிக்கும் பைனாகுலர் இல்லாமல் போவது வீண் வேலை. காரங்காட்டுக்கு அது தேவையில்லை, சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற செருப்பு போதும்.