அயர்ன்ஸ்வோர்ன்: தனியாகவோ இருவராகவோ ஆட, முடிக்கவும் தெரிந்த ஒரு விளையாட்டு

ஒரு கதாபாத்திரமாக இருந்து கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைத் தனியாக ஆடத் தொடங்குவது சுலபம். நோட்டுப் புத்தகம், இரண்டு பகடை, ஒரு பெயர், அவ்வளவு போதும். முடிப்பதுதான் கஷ்டம். கதை எங்கே போகிறது என்று சொல்ல எதிரே கேம் மாஸ்டர் இல்லாததால், மூன்றாம் நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். ஷான் டாம்கின் உருவாக்கி 2018-ல் வெளிவந்த அயர்ன்ஸ்வோர்ன் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. கதையில் எழும் கேள்விகளுக்குப் பகடை வழியாகப் பதில் தரும் அதன் ஆரக்கிள் அட்டவணைகளைப் பலரும் புகழ்கிறார்கள். ஆனால் அட்டவணைகள் எந்த விளையாட்டிலும் கிடைக்கும். இதை வேறுபடுத்துவது சபதமும் அதன் பக்கத்தில் இருக்கும் பத்துக் கட்டங்களும்தான்.

மூல விதிநூலின் பிடிஎஃப் இலவசம். கேரக்டர் ஷீட்டையும், கதாபாத்திரத்தின் தனித்திறமைகளையும் துணைகளையும் சொல்லும் அசெட் கார்டுகளையும் அச்செடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆறு முகப் பகடையும், வெவ்வேறு நிறத்தில் இரண்டு பத்து முகப் பகடைகளும் தேவை. பத்து முகப் பகடை கிடைக்காதவர்கள் சீட்டுக்கட்டில் இரண்டு ஜாதிகளின் ஏஸ் முதல் பத்து வரை எடுத்து, தனித்தனி அடுக்காக வைத்து, அடுக்குக்கு ஒன்றாக உருவலாம். உருவிய சீட்டை ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டுக் கலைக்க வேண்டும். கலைக்காமல் தொடர்ந்தால் வந்த எண்கள் திரும்ப வராது, மீதமிருக்கும் சீட்டுகளைப் பொறுத்து ஆட்டம் காரணமில்லாமல் சுலபமாகவோ கடினமாகவோ ஆகிவிடும்.

அடிப்படை இதுதான். ஆறு முகப் பகடையின் எண்ணோடு எட்ஜ் (வேகம்), ஹார்ட் (மன உறுதி), அயர்ன் (உடல் பலம்), ஷேடோ (தந்திரம்), விட்ஸ் (அறிவு) ஆகிய ஐந்தில் பொருந்தும் திறனைக் கூட்ட வேண்டும். வரும் எண் இரண்டு பத்து முகப் பகடைகளையும் தாண்டினால் ஸ்ட்ராங் ஹிட், ஒன்றை மட்டும் தாண்டினால் வீக் ஹிட், இரண்டையும் தாண்டாவிட்டால் மிஸ். சமமாக வந்தால் தாண்டியதாகக் கணக்கில்லை. ஐந்து திறன்களுக்கும் 3, 2, 2, 1, 1 என்று பிரித்துப் போட வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். திறன் 3 என்றால் ஸ்ட்ராங் ஹிட் வாய்ப்பு 33 சதவீதம், மிஸ் 23 சதவீதம். திறன் 2 என்றால் அப்படியே தலைகீழ்: ஸ்ட்ராங் 23, மிஸ் 33. திறன் 1 என்றால் மிஸ் 45 சதவீதம், ஸ்ட்ராங் 15 மட்டுமே. அயர்னில் 1 வைத்துக்கொண்டு வாளோடு பாயும் கதாபாத்திரம் பாதி தடவை அடி வாங்கும். கதையில் அவர் எதைச் செய்து பிழைப்பவர் என்று யோசித்து, அந்தத் திறனில் 3 போடுங்கள்.

இனி சபதம். அயர்ன்லேண்ட்ஸ் என்னும் குளிர் நிலத்தில் மனிதர்கள் இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்கிறார்கள். ஒவ்வொரு சத்தியத்துக்கும் அது எவ்வளவு கடினம் என்று சொல்லும் ஒரு ரேங்க் உண்டு, எளிதிலிருந்து கடினம் வரை: ட்ரபுள்சம், டேஞ்சரஸ், ஃபார்மிடபிள், எக்ஸ்ட்ரீம், எபிக். கதையில் ஒரு முக்கியமான படியைத் தாண்டும்போது கட்டங்களை நிரப்ப வேண்டும். ட்ரபுள்சமுக்கு மூன்று கட்டம், டேஞ்சரஸுக்கு இரண்டு, ஃபார்மிடபிளுக்கு ஒன்று. எக்ஸ்ட்ரீமுக்கு அரைக் கட்டம், எபிக்குக்குக் கால் கட்டம். எட்டுக் கட்டம் நிரம்ப டேஞ்சரஸில் நான்கு படிகள் போதும். எக்ஸ்ட்ரீமில் 16, எபிக்கில் 32. புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. கதை பிரம்மாண்டமாக இருக்க வேண்டும் என்று முதல் சபதத்தையே எபிக்காக எடுத்துவிடுகிறார்கள். பத்து நாள் ஆடியும் மூன்று கட்டம்கூட நிரம்பாது. முதல் சபதம் டேஞ்சரஸாக இருக்கட்டும்: காணாமல் போன மந்தையைத் தேடிக் கண்டுபிடிப்பது, பக்கத்து ஊரோடு இருக்கும் பகையைத் தீர்ப்பது, அந்த அளவில். இரண்டு மூன்று அமர்வுகளில் முடிவு கையில் கிடைக்கும்.

முடிக்கும் நேரத்தை ஆடுபவரே தீர்மானிக்கிறார் என்பதுதான் இந்த அமைப்பின் அழகு. அப்போது ஆறு முகப் பகடை கிடையாது. நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையே உங்கள் எண். ஆறு கட்டத்தில் துணிந்தால் ஸ்ட்ராங் 25, மிஸ் 25 சதவீதம். எட்டில் ஸ்ட்ராங் 49, மிஸ் 9. பத்தில் ஸ்ட்ராங் 81, மிஸ் 1. மிஸ் விழுந்தால் சபதத்தைக் கைவிடலாம். அல்லது ஒரு கட்டத்தைத் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, ரேங்க்கை ஒரு படி உயர்த்தித் தொடரலாம். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது ஆறு கட்டத்தோடு முடிக்கப் பார்ப்பதா, இன்னொரு படிக்குக் காத்திருப்பதா? கேம் மாஸ்டர் கொடுக்கும் பதற்றத்தை இங்கே பத்துக் கட்டங்கள் கொடுக்கின்றன.

மொமண்டம் என்பது ஆட்டம் உங்களுக்குச் சாதகமாகப் போகிறதா என்று காட்டும் கணக்கு. அது -6 முதல் +10 வரை போகும், +2-ல் தொடங்கும். உங்கள் மொமண்டத்தைவிடக் குறைவான எண் காட்டும் பத்து முகப் பகடையை ரத்து செய்யலாம். செய்தால் மொமண்டம் மறுபடி +2-க்கு இறங்கிவிடும். இதைப் பயன்படுத்தாமலே சேர்த்து வைப்பவர்கள் அதிகம். +7, +8 வந்ததும் முக்கியமான இடத்தில் செலவழித்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்த இரண்டு மிஸ்களில் அது எப்படியும் கரையும். சபதத்தையோ பயணத்தையோ சண்டையையோ முடிக்கும் ரோலில் மொமண்டம் செல்லாது. இந்த விதியைத் தவறவிடுவது வெகு சகஜம், தவறவிட்டால் மேலே சொன்ன பதற்றம் முழுவதும் போய்விடும்.

குறைகளில் முதலாவது சண்டை. சபதத்தைப் போலவே எதிரிக்கும் ஒரு ரேங்க்கும் பத்துக் கட்டங்களும் உண்டு. வாள் போன்ற நல்ல ஆயுதம் இரண்டு ஹார்ம் (சேதம்) கொடுக்கும், ஸ்ட்ராங் ஹிட்டில் மூன்று. ஃபார்மிடபிள் எதிரியிடம் ஒரு ஹார்முக்கு ஒரு கட்டம் என்பதால் மூன்று நான்கு அடிகளில் முடிவு நெருங்கும். எக்ஸ்ட்ரீம் எதிரியிடம் ஒரு ஹார்முக்கு அரைக் கட்டம்தான். எட்டுக் கட்டத்துக்கு ஆறு முதல் எட்டு வெற்றி அடிகள் வேண்டும். இடையில் வீக் ஹிட் வந்தால் முன்கை, அதாவது சண்டையின் பிடி, எதிரிக்குப் போய்விடும். அவன் ஒரு அடிக்கு நான்கு ஹார்ம் கொடுப்பான், உங்கள் ஹெல்த் ஐந்துதான். தனியாக ஆடும்போது வெட்டு, தடு, வெட்டு என்று ரோல்கள் வரிசையாகப் போய்க் கதை அறுந்துவிடுகிறது. விதிநூலிலேயே இதற்கு வழி இருக்கிறது: முக்கியமில்லாத சண்டையை பேட்டில் என்னும் ஒரே மூவில் (ஒரு செயலுக்கு உருட்டும் விதி) முடித்துவிடலாம். உண்மையில் கனமான சண்டைக்கு மட்டும் முழு முறையை வையுங்கள். டாம்கின் 2022-ல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டான ஸ்டார்ஃபோர்ஜ்டில், சண்டைக்கு ஒரு குறிக்கோளும், நிலைமை யார் கையில் என்ற தெளிவும் சேர்ந்து, இந்தப் பகுதி கணிசமாக மேம்பட்டிருக்கிறது.

இரண்டாவது, அளவுக்கு மீறி உருட்டுவது. கதவைத் திறக்க ஒரு ரோல், உள்ளே பார்க்க ஒன்று, படியேற ஒன்று என்று போனால் திறன் 2-ல் மூன்றுக்கு ஒன்று மிஸ் ஆகும். வீட்டுக்குள் நுழைவதற்குள் ஹெல்த் (உடல்நலம்), ஸ்பிரிட் (மனநிலை), சப்ளை (கையிருப்பு) மூன்றும் தேய்ந்துவிடும். தோற்றால் கதை மாறுமா என்று கேட்டு, மாறாது என்றால் பகடையைத் தொடாதீர்கள். அதேபோல் மிஸ் வந்ததும், தோல்விக்கு என்ன விலை என்று சொல்லும் பே த ப்ரைஸ் அட்டவணையை உருட்டுவது பழக்கமாகிவிடுகிறது. விதியே முதலில் சொல்வது, கண்ணுக்குத் தெரியும் மோசமான விளைவை நடக்க விடு என்பதைத்தான். எதுவும் தோன்றாதபோதுதான் அட்டவணை.

ஆரக்கிளைப் பற்றிக் கொஞ்சம். ஆம்-இல்லை கேள்விக்கு இரண்டு பத்து முகப் பகடைகளில் ஒன்றைப் பத்தாம் இடமாகவும் மற்றதை ஒன்றாம் இடமாகவும் வைத்து 1 முதல் 100 வரை எண் எடுக்க வேண்டும். சரிபாதி வாய்ப்பு என்றால் 51 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆம். பெரும்பாலும் நடக்கும் என்றால் 26 அல்லது அதற்கு மேல். நடக்காது என்று தோன்றினால் 76 அல்லது அதற்கு மேல். கேள்வியை எழுதிவிட்டு, வாய்ப்பை முடிவு செய்துவிட்டு, அப்புறம் உருட்டுங்கள். உருட்டிய பிறகு வாய்ப்பை மாற்றினால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள், கதையும் முன்பே நினைத்த பாதையிலேயே போகும்.

இருவராக ஆடும்போது சபதம், பயணம், சண்டை ஆகியவற்றின் கட்டங்கள் பொது, சப்ளையும் பொது. மொமண்டமும் முன்கையும் ஆளுக்கு ஆள் தனி. நான்கு பேரைவிட இரண்டு பேருக்கு இந்த விளையாட்டு நன்றாகப் பொருந்துகிறது, காத்திருக்கும் நேரமே இல்லை. ஆனால் ஒரு சிக்கல் அநேகமாக எல்லா ஜோடிகளுக்கும் வரும்: விதி தெரிந்தவர் மெல்ல மெல்லக் கேம் மாஸ்டராகி, மற்றவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உருட்டியவர் விளைவைச் சொல்லக் கூடாது, எதிரே இருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இது தீர்ந்துவிடும்.

உலகத்தை அமைக்கும் பகுதியில் 11 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள். எல்லாவற்றையும் முதல் நாளே நிரப்ப உட்காராதீர்கள். இரும்பு, மந்திரம், கொடிய விலங்குகள் போல உங்கள் சபதத்தைத் தொடும் மூன்று நான்கு போதும், மற்றவை கதையில் கேள்வி எழும்போது.

சின்ன சுயாதீன விளையாட்டுகளின் ஆசிரியர்களுக்குக் கருத்து எழுதுபவர்கள் இதே கண்ணோடு ஆடிப் பாருங்கள். நன்றாக இருந்தது, போரடித்தது என்பதை வைத்து ஆசிரியரால் எதையும் திருத்த முடியாது. எத்தனை பேர், எத்தனை அமர்வு, எந்த ரேங்க், எந்த மூவில் விதிநூலைத் திரும்பப் புரட்ட நேர்ந்தது, எந்த ரோலுக்குப் பிறகு நோட்டை மூடி வைத்தீர்கள் என்று எழுதுங்கள். விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆடியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எந்த வாக்கியம் வழி தவற விட்டது என்பது அவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.