எண்ணாகக் கேட்பதா, கட்டம் போட்டுக் கேட்பதா?

புள்ளியியல் அறிமுகப் பாடத்தில் முதல் செயல்திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள், கொஞ்சம் பேரிடம் கேள், வந்த பதில்களை அலசு. ஒரே மாறிதானே (ஒரே விஷயத்தைத்தானே அளக்கிறோம்) என்று கேள்வியை அவசர அவசரமாக எழுதிவிட்டு, எந்த வரைபடம் போடலாம் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களே அதிகம். என் கட்சி நேர்மாறானது. வரைபடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கேட்டு முடித்த கேள்வியை மாற்ற முடியாது.

“வகுப்புக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது?” என்ற கேள்வியை வைத்துக்கொள்வோம். நிமிடக் கணக்கை எண்ணாக எழுதச் சொல்லலாம். இல்லையென்றால் 0–10, 10–20, 20–30, 30க்கு மேல் என்று கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லலாம்.

கட்டத்துக்கு ஆதரவாகச் சொல்ல விஷயம் இருக்கிறது. பதில் சொல்பவருக்கு வேலை குறைவு. “பக்கம்தான்”, “அரை மணி இருக்கும்” போன்ற பதில்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். வருமானம், எடை போன்ற கூச்சமான விஷயங்களில் துல்லியமான எண்ணைச் சொல்லத் தயங்குபவர்கூட ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். ஆனால் இழப்பு பெரிது. பத்து நிமிடக்காரர் முதல் கட்டமா, இரண்டாவது கட்டமா? “30க்கு மேல்” என்பவர் 35 நிமிடமா, 90 நிமிடமா? அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மேல் எல்லை இல்லாததால், கணக்குக்கு எடுத்துக்கொள்ள நடுப்புள்ளியே கிடையாது. ஊகித்து ஒரு எண்ணை வைத்தால் ஒழிய சராசரி போட முடியாது. எண்ணாக வாங்கியதை அப்புறம் கட்டமாக்கலாம், கட்டமாக வாங்கியதை எண்ணாக்க வழியில்லை. கூச்சமான கேள்வி இல்லையென்றால் எண்ணாகவே கேளுங்கள்.

அலகைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். “எவ்வளவு நேரம்?” என்று மட்டும் இருந்தால் ஒருவர் 1 என்று எழுதுவார், அது ஒரு மணியா ஒரு நிமிடமா என்று நீங்கள் முழித்துக்கொண்டு நிற்பீர்கள்.

எண்ணாகக் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மனிதர்கள் கடிகாரம் பார்த்துப் பதில் சொல்வதில்லை. 5, 10, 15, 30 என்று தோராயமாக்கிச் சொல்வார்கள். உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்ட 20 பதில்களைத் தண்டு-இலை வரைபடமாகப் போட்டால் இப்படி வரும்:

0 | 3 5 5 8
1 | 0 0 0 2 5 5 5 5
2 | 0 0 5
3 | 0 0 0
4 | 5
9 | 0

இடது பக்கம் பத்துகள், வலது பக்கம் ஒன்றுகள். 20 பதில்களில் 17, 0 அல்லது 5இல் முடிகின்றன. வேறெந்த வரைபடமும் இதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது. குறைந்த தரவுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1970களில் இதைப் பரவலாக்கினார். இன்று பலர் பள்ளியோடு மறந்துவிடுகிறார்கள். இருநூறு பதில் வந்தால் இலைகள் பக்கத்தைத் தாண்டி ஓடும் என்பது உண்மைதான். அப்போது எண்களைப் பிரிவு பிரிவாக எண்ணிப் பட்டைகளாகப் போடும் நிகழ்வுச் செவ்வகத்துக்கு (ஹிஸ்டோகிராம்) போக வேண்டியதுதான்.

ஆனால் அங்கே ஒரு கண்ணி காத்திருக்கிறது. இதே 20 எண்களுக்குப் பத்துப் பத்தாகப் பிரிவு போடுவோம். 10 என்ற பதிலை 10–20 பிரிவில் சேர்த்தால் முதல் நான்கு பிரிவுகளின் நிகழ்வெண்கள் (ஒவ்வொன்றிலும் விழும் பதில்களின் எண்ணிக்கை) 4, 8, 3, 3. இரண்டாவது பிரிவு தெளிவாக எழும்பி நிற்கும். அதே 10ஐ முதல் பிரிவில் சேர்த்தால் 7, 7, 4, 0. எழுச்சி போய்த் தட்டையாகிவிடும். தரவில் ஒரு எண்கூட மாறவில்லை. பதில்கள் சரியாக எல்லைக் கோட்டின்மேல் குவிந்திருப்பதுதான் காரணம். மென்பொருளைக் கேட்டாலும் ஒரே பதில் வராது: புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியின் இயல்பான ஏற்பாடு எல்லை எண்ணைக் கீழ்ப்பிரிவில் போடும், பைத்தான் மொழியின் நம்பை (NumPy) என்ற கணக்கீட்டுத் தொகுப்பு மேல்பிரிவில் போடும். 7.5–12.5, 12.5–17.5 என்று எல்லைகளை யாரும் சொல்லாத எண்களுக்கு நகர்த்திவிட்டால் சண்டையே இல்லை.

பெட்டி வரைபடத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது இடைநிலை, கீழ்ப்பாதியின் நடு முதல் கால்மானம், மேல்பாதியின் நடு மூன்றாம் கால்மானம்; முதல் கால்மானத்திலிருந்து மூன்றாவது வரை ஒரு பெட்டி, இடைநிலையில் ஒரு கோடு. இப்படிப் பாதியாகப் பிரித்து எடுக்கும் முறையில் இங்கே முதல் கால்மானம் 10, இடைநிலை 15, மூன்றாம் கால்மானம் 27.5. ஆனால் பெட்டிக்குள் என்ன வடிவம் இருக்கிறது என்று அது சொல்லாது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஒரு குவியல், தொலைவிலிருந்து வருபவர்கள் ஒரு குவியல் என்று இரண்டு திமில் இருந்தாலும் பெட்டி அப்பாவியாக உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று குழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் சரி. ஒரே ஒரு குழுவுக்கு அதை மட்டும் போடுவது சோம்பேறித்தனம். சரி, விடைத்தாளோடு உங்கள் கால்மானம் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். எக்செல் இதே தரவின் மூன்றாம் கால்மானத்தை ஒரு சூத்திரத்தில் 26.25 என்றும் இன்னொன்றில் 28.75 என்றும் சொல்லும். புள்ளியியலாளர்கள் ஹிண்ட்மனும் ஃபேனும் 1996இல் எழுதிய கட்டுரையில் மென்பொருள்கள் பயன்படுத்தும் ஒன்பது கணக்கீட்டு முறைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

எண்ணாக இல்லாமல் வகையாக வரும் பதில்களுக்கு வட்ட வரைபடமா, பட்டை வரைபடமா என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். பட்டைதான். கோணத்தைவிட நீளத்தை நம் கண் நன்றாக ஒப்பிடும்.

யாரிடம் கேட்பது என்பதில் இரண்டு வழி. கைபேசியில் இணைப்பை எல்லாருக்கும் அனுப்பி வந்தவரை லாபம் என்று 150 பதில் வாங்கலாம். அல்லது பெயர்ப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு எண்களை வைத்து (குலுக்கல் போல) 30 பேரைத் தேர்ந்து, அந்த முப்பது பேரையும் விடாமல் துரத்திப் பதில் வாங்கலாம். நான் முப்பதின் பக்கம். எண்ணிக்கை காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் கதையே போதும். 1936 அதிபர் தேர்தலுக்கு முன் சுமார் ஒரு கோடிப் பேருக்குப் படிவம் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் அதிகமான பதில்களை வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். பெயர்களை எடுத்தது தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்கள் போன்றவற்றிலிருந்து. அது ஒரு கோளாறு. படிவம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பவே இல்லை என்பது இன்னொன்று. இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நமக்கு இரண்டாவதுதான் நெருக்கம்: காலையில் நெடுந்தூரம் வந்து களைத்தவர் படிவத்தைத் திறக்காமலே போனால், பயண நேரம் குறைவாகத்தான் தெரியும்.

கடைசியில் சராசரியா, இடைநிலையா? நம் 20 பதில்களின் சராசரி 20.65, இடைநிலை 15. யாரோ 90ஐ அவசரத்தில் 900 என்று தட்டியிருந்தால் சராசரி 61.15 ஆகிவிடும், இடைநிலை 15ஐ விட்டு அசையாது. இப்படிச் சில பெரிய எண்களால் வலப்பக்கம் வால் நீளும் தரவுக்கு இடைநிலையைத்தான் முதலில் சொல்வேன். இரண்டையும் போட்டால் நடுவிலுள்ள இடைவெளியே வாலைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த 90ஐ என்ன செய்வது? விலகி நிற்கும் எண்ணை அடையாளம் காண வழக்கமாக ஒரு எல்லை போடுவார்கள்: மூன்றாம் கால்மானத்தோடு கால்மான வீச்சில் (மூன்றாம் கால்மானத்துக்கும் முதல் கால்மானத்துக்கும் உள்ள வித்தியாசம்) ஒன்றரை மடங்கைக் கூட்டினால் 53.75, 90 அதைத் தாண்டுகிறது. தாண்டியதாலேயே அடித்துவிடக் கூடாது, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். பதில் சொன்னவரைக் கேட்க வழியிருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு கணக்கையும் அறிக்கையில் போடுங்கள்: 90ஐ நீக்கினால் சராசரி 17, இடைநிலை அப்போதும் 15.